அல்சைமர் நோய்க்கான இரத்தப் பரிசோதனை: யாருக்கு, எப்போது, எதற்காக?

2025ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதி வழங்கியது. ஃபூஜிரெபியோ நிறுவனத்தின் 'லுமிபல்ஸ்' என்னும் அப்பரிசோதனையை 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, நினைவுக் குறைபாட்டின் அறிகுறிகள் ஏற்கெனவே தென்படுகின்றவர்களுக்கு, இந்நோயில் தேர்ந்த மருத்துவர்களின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம் என்பது அனுமதியின் நிபந்தனை. ஆனால் இச்செய்தி கைப்பேசி வழியே நம் வீடுகளை வந்தடைந்தபோது நிபந்தனைகள் அனைத்தும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. 'இரத்தம் கொடுத்தால் போதும், மறதி நோய் வருமா வராதா என்று தெரிந்துவிடும்' என்பதாகவே பலரும் அதனைப் புரிந்துகொண்டுள்ளனர்.

அச்செய்தி பரவிய சில வாரங்களில் எனது புறநோயாளர் பிரிவுக்குத் தம் தாயாரை அழைத்து வந்த ஒரு மகனும் அவ்வாறே புரிந்துகொண்டிருந்தார். அவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர். தாயாருக்கு 67 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எட்டு மாதங்களாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், குழம்பில் இருமுறை உப்பிடுகிறார், கடையில் கொடுத்த பணத்திற்கு மீதி வாங்க மறக்கிறார் என்பது மகனின் கவலை. "டாக்டர், செலவைப் பற்றிக் கவலையில்லை. அந்த இரத்தப் பரிசோதனையை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்றார். அன்று நான் அதனை எழுதிக் கொடுக்கவில்லை. அதன் காரணத்தை விளக்குவதும், பிறிதொரு சூழலில் அதே பரிசோதனை ஏன் பயனுள்ளதாகிறது என்பதைச் சொல்வதுமே இப்பக்கத்தின் நோக்கம்.

மூளையில் நிகழ்வது என்ன?

மறதி நோய் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் டிமென்ஷியா என்பது தனியொரு நோயன்று. அது ஒரு நிலை. நினைவு, மொழி, திட்டமிடல், வழியறிதல் போன்ற திறன்கள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்வைத் தாமாக நடத்த இயலாமற்போகும் நிலையே அது. அந்நிலையை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் வருவது அடுத்த பெரிய வகை. முதியவர்களில் இவ்விரண்டும் ஒருவரிடமே கலந்திருப்பது மிக இயல்பு.

1901இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதான அகுஸ்டே டேட்டர் என்னும் பெண்மணியை அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பரிசோதித்தார். 1906இல் அப்பெண்மணி இறந்த பின்னர், அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இருவகைப் படிவுகளைக் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிந்திருந்தவை ஒருவகை. நரம்பணுக்களுக்கு உள்ளே நூற்சிக்கல் போல முறுக்கிக் கிடந்தவை மற்றொரு வகை. முன்னதில் அமிலாய்டு பீட்டா என்னும் புரதமும் பின்னதில் டௌ என்னும் புரதமும் இருப்பதைப் பிற்காலத்தவர் கண்டறிந்தனர்.

டௌ புரதத்தின் இயல்பான பணி, நரம்பணுவின் உள்ளே பொருள்களைக் கொண்டுசெல்லும் நுண்குழல்களைத் தாங்கி நிறுத்துவது. அமிலாய்டு படியத் தொடங்கும்போது டௌ புரதத்தின் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறுகிறது. அத்தகைய இடங்களுள் ஒன்றே 217ஆம் இடம். பாஸ்பேட் மிகுந்த டௌ தன் தாங்குதிறனை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கலாகிறது. அதன் மிகச் சிறு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. இவையெல்லாம் அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

இந்நோயை உயிருடன் இருப்பவரிடம் உறுதி செய்ய, அண்மைக்காலம் வரை இரு வழிகளே இருந்தன. ஒன்று அமிலாய்டு பெட் ஸ்கேன். மற்றொன்று முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்து ஆராய்வது. முன்னதற்குப் பெரும் செலவாகும். கதிரியக்க மருந்தும் அதற்கான கருவியும் பெருநகரங்களில் சில இடங்களில் மட்டுமே உள்ளன. பின்னதற்குப் பெரும்பாலான குடும்பங்கள் இசைவதில்லை. கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தம் அந்த இடத்தை நிரப்பும் என்றால் அது மெய்யாகவே பெரிய முன்னேற்றம்தான். அதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

பரிசோதனை எவ்வளவு நம்பகமானது?

அனுமதி பெற்ற பரிசோதனை, பி-டௌ 217 என்னும் அப்புரதத்தின் அளவுக்கும் அமிலாய்டு பீட்டா 42 புரதத்தின் அளவுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுகிறது. நினைவுக் குறைபாடு உடையவர்களிடம் பெறப்பட்ட 499 இரத்த மாதிரிகளை, அவர்களது பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர் முடிவுகளுடன் ஒப்பிட்டனர். 'உண்டு' என்று முடிவு வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு மூளையில் அமிலாய்டு படிவு இருந்தது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்குப் படிவு இல்லை. இவ்விரண்டிலும் சேராமல், உறுதியாகச் சொல்ல இயலாத நடுநிலை முடிவு பெற்றவர்களும் இருந்தனர். அவர்கள் மொத்தத்தில் 20 விழுக்காட்டிற்கும் குறைவு. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வரை பணம் செலவழித்த பின்னும் விடையின்றித் திரும்பக்கூடும் என்பதே இதன் பொருள். செய்திகளில் இடம்பெறாத பகுதி இது.

சுவீடனில் 1213 பேரிடம் நடத்தப்பட்டு 2024 ஜூலையில் வெளியான ஆய்வு மற்றொரு உண்மையை உணர்த்தியது. அதில் பயன்படுத்தப்பட்டது வேறொரு பரிசோதனை எனினும் அதுவும் பி-டௌ 217 புரதத்தையே அடிப்படையாகக் கொண்டது. நோயாளியைப் பரிசோதித்து, வழக்கமான சோதனைகளின் துணையுடன் பொதுநல மருத்துவர்கள் 'அல்சைமர்தான்' அல்லது 'அல்சைமர் அன்று' என்று எடுத்த முடிவு 61 விழுக்காடு சரியாக இருந்தது. மறதி நோய் வல்லுநர்களின் முடிவு 73 விழுக்காடு. இரத்தப் பரிசோதனையின் முடிவு 91 விழுக்காடு. என்னைப் போன்ற மருத்துவர்களுக்கு இது சற்றுத் தலைகுனிவைத் தரும் எண்ணிக்கைதான். எங்கள் ஊகத்தின் மீது எங்களுக்குள்ள நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் எல்லோருக்கும் செய்துவிடலாமே என்று தோன்றலாம். இங்குதான் ஒரு சிறிய கணக்கு தேவைப்படுகிறது.

நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும் நோய் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரித்தறியும் பரிசோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மறதி நோய்ச் சிறப்புப் பிரிவுக்கு வரும் 100 பேரில் 60 பேருக்கு உண்மையில் அல்சைமர் மாற்றம் உள்ளது என்றால், 'உண்டு' என்ற முடிவு 54 பேருக்குச் சரியாகவும் 4 பேருக்குத் தவறாகவும் வரும். அதே பரிசோதனையை, பத்துப் பேருக்கு மட்டுமே அம்மாற்றம் உள்ள 100 பேரிடம் செய்தால், 9 பேருக்குச் சரியாகவும் 9 பேருக்குத் தவறாகவும் 'உண்டு' என வரும். கருவி மாறவில்லை, வேதிப்பொருள் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மாறியதும் பாதி முடிவுகள் பொய்யாகிவிடுகின்றன. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதனையும் சேர்த்துத் தருவதாக எவரேனும் கூறினால், நினைவுக் குறைபாடு இல்லாதவர்கள் அதனை மறுத்துவிடலாம்.

முடிவு தவறாக இல்லாவிடினும் சிக்கல் தீர்வதில்லை. மூளையில் அமிலாய்டு படிந்திருப்பதும் மறதி நோய் இருப்பதும் ஒன்றல்ல. நினைவாற்றல் இயல்பாக உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு உலகின் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 50 வயதில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும் 90 வயதில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் அமிலாய்டு படிவு இருந்தது தெரியவந்தது. அவர்களுள் பலர் மறதி நோய் வராமலேயே வாழ்ந்து முடிப்பவர்கள்.

இத்தகையோரை நோயாளிகள் என்று அழைக்கலாமா? இவ்வினாவில் வல்லுநர்களே இரு அணியாக நிற்கின்றனர். அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் அமைத்த குழு, மூளையில் இம்மாற்றம் உறுதியானாலே அது அல்சைமர் நோய்தான் என்று 2024இல் வரையறுத்தது. அதே ஆண்டில் சர்வதேசப் பணிக்குழு ஒன்று அதனை மறுத்து, அறிகுறி இல்லாதவரை 'ஆபத்து வாய்ப்பு உடையவர்' என்றே கூற வேண்டும், நோயாளி என்று முத்திரையிடலாகாது என்றது. இருப்பினும் அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமான மருத்துவத்தில் இப்பரிசோதனையைச் செய்யக்கூடாது என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. நான் இரண்டாம் குழுவின் பக்கமே நிற்கிறேன். அறுபது வயதில் நலமாக நடமாடும் ஒருவரிடம் 'உங்களுக்கு அல்சைமர்' என்று சொல்லிவிட்டு, அதற்கென்று கொடுக்க உறுதியான மருந்து எதுவும் இன்றி அனுப்பிவைப்பது எந்த வகையில் மருத்துவமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நம் மாநிலத்தில் கூடுதலாகக் கருத வேண்டியவை இரண்டு. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பி-டௌ அளவு இயல்பாகவே உயர்ந்து காணப்படும். சர்க்கரை நோயாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இங்குக் குறைவல்லர். இரண்டாவது, இப்பரிசோதனைகளின் எல்லை அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடம் நடந்த ஆய்வுகளைக் கொண்டே வகுக்கப்பட்டவை. மறதி நோய் உள்ளவர்களில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்பதைச் சுட்டவே '10/66' என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழு 1998இல் தொடங்கப்பட்டது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாக இருந்தன.

முதலில் தேட வேண்டியவை

மேற்சொன்ன தாயாரின் நிலைக்கு வருவோம். மகனிடம் நான் கேட்டது வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்பதே. மறுநாள் வந்த பையில் பதினொரு வகை மாத்திரைகள் இருந்தன. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் நெடுங்காலமாக உட்கொள்ளப்பட்டு வந்தது. பாத எரிச்சலுக்கென ஓரிடத்தில் எழுதப்பட்ட அமிட்ரிப்டிலின், உறக்கத்திற்கென இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தொடர்ந்து வாங்கப்பட்ட அல்பிரசோலம், அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கென மற்றோரிடத்தில் எழுதப்பட்ட ஆக்சிபியூட்டினின் ஆகியனவும் இருந்தன. கடைசியாகக் கூறிய மூன்றும் முதியவர்களின் நினைவையும் கவனத்தையும் மழுங்கச் செய்யக்கூடியவை. நீண்ட நாள் மெட்ஃபார்மின் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அவருக்கு அது குறைந்தே இருந்தது. பாத எரிச்சலுக்கும் அக்குறைபாடே ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவரவர் நல்ல நோக்கத்துடன் எழுதிய மருந்துகள்தாம். எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தவர் எவரும் இல்லை.

நினைவுக் குறைபாட்டுடன் வரும் ஒவ்வொருவருக்கும் தைராய்டு, வைட்டமின் பி12, இரத்தச் சர்க்கரை, சோடியம், சிறுநீரகம், கல்லீரல், இரத்தசோகை ஆகியவற்றுக்கான சோதனைகள் முதலில் செய்யப்பட வேண்டும். மனச்சோர்வு உள்ளதா என்பதை விசாரித்தறிய வேண்டும். முதுமையில் மனச்சோர்வு மறதியாகவே வெளிப்படுவதுண்டு. காது கேளாதவர் மறதிக்காரராகத் தோன்றுவதுண்டு. அண்மையில் கீழே விழுந்தவருக்குத் தலையினுள் மெல்லக் கசியும் இரத்தக் கட்டு இருக்கலாம். நடை தடுமாற்றமும் சிறுநீர் அடக்க இயலாமையும் மறதியுடன் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். இவற்றுள் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய இயலும். சில நாள்களில் திடீரெனத் தோன்றும் குழப்பம் மறதி நோயன்று. அது காய்ச்சல், தொற்று, நீரிழப்பு, சோடியம் குறைவு போன்றவற்றால் வரும் அவசர நிலை. அத்தகையவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பள்ளிக்குச் செல்லாத முதியவரிடம் கடிகாரம் வரையச் சொல்லியோ, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியோ நினைவாற்றலை அளப்பது நியாயமன்று. நியாயவிலைக் கடையில் இம்மாதம் என்ன வாங்கினீர்கள், பொங்கலுக்கு வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், பேருந்தில் எங்கே இறங்கி எப்படி வந்தீர்கள் என்ற கேள்விகள் இன்னும் பல செய்திகளைத் தரும். அவற்றைவிடக் கூடுதலான தகவலை உடன் வாழ்பவரே தர இயலும். ஓராண்டுக்கு முன் தாமாகச் செய்த எந்த வேலையை இப்போது செய்ய இயலவில்லை என்பதே மருத்துவர் அறிய விரும்பும் முதன்மையான செய்தி.

அத்தாயாருக்குத் தேவையற்ற மாத்திரைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. உறக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதால் அதற்கு மட்டும் சில வாரங்கள் ஆயின. பி12 ஊசி போடப்பட்டது. நான்கு மாதங்களில் அவர் மீண்டும் சமையலறைப் பொறுப்பை ஏற்றார். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் குறைந்தது. மகன் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். ஆயினும் பேரப்பிள்ளைகளின் பெயர்களில் தடுமாற்றம் நீடித்தது. சில மாதங்களில், நாள்தோறும் சென்றுவந்த கோவிலிலிருந்து வீடு திரும்பும் வழி அவருக்குத் தெரியாமற்போயிற்று. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருந்தது. அல்சைமர் நோயாகவே இருக்க வேண்டும் என்பது வல்லுநர்களின் முடிவு. மாத்திரைகளால் மறைந்து கிடந்த நோய் தன் உருவைக் காட்டியது என்றுதான் கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனை குறித்து மகன் மீண்டும் கேட்டார். இம்முறை அது பொருத்தமான கேள்வி.

முடிவு தெரிந்தால் சிகிச்சை மாறுமா?

அமிலாய்டு படிவை அகற்றும் லெகானெமாப், டோனானெமாப் ஆகிய மருந்துகளின் வரவே இரத்தப் பரிசோதனைக்கு இத்தனை முக்கியத்துவத்தை அளித்துள்ளது. படிவு உள்ளது என்று உறுதியானால்தான் இவற்றைக் கொடுக்க இயலும். லெகானெமாப் 2023 ஜூலையிலும் டோனானெமாப் 2024 ஜூலையிலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன.

லெகானெமாப் மருந்தின் முதன்மை ஆய்வில் நோயின் தொடக்க நிலையில் இருந்த 1795 பேர் 18 மாதங்கள் பங்கேற்றனர். நோயின் தீவிரத்தை 0 முதல் 18 வரை மதிப்பிடும் அளவுகோலில், மருந்து பெற்றவர்களின் நிலை 1.21 புள்ளியும் பெறாதவர்களின் நிலை 1.66 புள்ளியும் மோசமடைந்தது. வேறுபாடு 0.45 புள்ளி. இதையே 'நோய் 27 விழுக்காடு தாமதமானது' என்றும் கூறலாம். இரண்டும் உண்மையே, ஆனால் கேட்பவர் மனத்தில் இரண்டும் எழுப்பும் எதிர்பார்ப்பு வேறு. மருந்து பெற்றவர்கள் நலமடையவில்லை. சற்று மெதுவாக நலிந்தனர். உடனிருந்து கவனிக்கும் குடும்பத்தினரால் அவ்வேறுபாட்டை உணர முடியுமா என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

பக்கவிளைவுகளும் சிறியனவல்ல. மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கமும் 17.3 விழுக்காட்டினருக்கு நுண்ணிய இரத்தக் கசிவும் காணப்பட்டன. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இல்லை. எனினும் இவ்வகை மருந்துகளின் ஆய்வுகளில் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. அப்போ-ஈ4 என்னும் மரபணு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. இரு வாரங்களுக்கு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்ற வேண்டும், இடையிடையே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். கிடைக்கும் பயன் இச்செலவுக்கு ஈடாகாது என்று கருதி, இங்கிலாந்தில் மருந்துகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட இறுதி வரைவில் இவ்விரண்டையும் பொது மருத்துவச் சேவைக்குப் பரிந்துரைக்கவில்லை.

அத்தாயாரின் ஸ்கேனில் பழைய நுண்கசிவுகள் பல இருந்தன. எனவே இம்மருந்துகள் எங்குக் கிடைத்தாலும் அவருக்கு ஏற்றவையல்ல. இரத்தப் பரிசோதனையின் முடிவு எவ்வாறு வந்தாலும் அவருக்கு அளிக்கவிருந்த சிகிச்சை மாறப்போவதில்லை. நரம்பியல் வல்லுநரும் மகனும் பேசி, அப்பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தனர். அறிகுறிகளைச் சிறிது காலம் கட்டுக்குள் வைக்கும் டோனெபிசில் மாத்திரை தொடங்கப்பட்டது. வேறொரு குடும்பத்தில் முடிவு வேறாக இருந்திருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில் பணியில் இருக்கும்போதே மறதி தொடங்கியவருக்கு, பிற காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்ட பின்னர், இப்பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கப் பெரிதும் உதவும். அத்தகையவர்கள் நரம்பியல் வல்லுநரின் ஆலோசனையுடன் செய்துகொள்வதில் தவறில்லை.

இரத்த அழுத்தமும் காதும்

தடுக்க இயலுமா என்பது பிள்ளைகள் தவறாது கேட்கும் கேள்வி. பெரும்பாலும் தாயாரை வெளியே அமர வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து கேட்பார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தும் நீங்கினால் உலகில் மறதி நோயின் 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. இது மக்கள்தொகை முழுமைக்குமான கணக்கு. 'நடைப்பயிற்சி செய்திருந்தால் அப்பாவுக்கு வந்திராது' என்று தனியொருவருக்கு இதனைப் பொருத்திப் பார்த்துக் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. எல்லா நல்ல பழக்கமும் உடையவர்களுக்கும் இந்நோய் வருகிறது.

அப்பட்டியலில் நம் சூழலுக்கு மிகவும் ஏற்றவையாக நான் கருதுவன இரண்டு. முதலாவது, நடுவயதிலிருந்தே இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. 2019இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழ் வைத்திருந்தவர்களைவிட மறதி நோயின் முன்நிலை 19 விழுக்காடு குறைவாகத் தோன்றியது. முழுமையான மறதி நோயில் வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. எந்த அளவு தமக்கு ஏற்றது என்பதை ஒவ்வொருவரும் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். முதியவர்களுக்கு மிகவும் குறைந்தால் மயக்கமும் விழுதலும் நேரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வரும் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் மட்டுமல்லாமல் மூளைக்கும் உரியவை என்பதைப் பயனாளிகள் அறிதல் நலம். தலைவலி இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்துபவர்களை நான் வாரந்தோறும் காண்கிறேன்.

இரண்டாவது, செவித்திறன். 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில் 977 முதியவர்கள் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். மொத்தமாகப் பார்த்தால் காதொலிக் கருவியால் சிந்தனைத்திறன் குறைவது தடுக்கப்படவில்லை. ஆனால் இதயநோய்க் காரணிகள் போன்ற ஆபத்துகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் அக்குறைவு 48 விழுக்காடு மெதுவாயிற்று. அதைக் காட்டிலும், கேட்கும் காது உள்ளவர் வீட்டுப் பேச்சில் கலந்துகொள்கிறார்; அதுவே அவருக்குக் கிடைக்கும் பயன்.

நினைவாற்றலைப் பெருக்கும் என விற்கப்படும் மாத்திரைகளையும் பொடிகளையும் வாங்கலாமா என்ற கேள்விக்கு எனது விடை, வேண்டாம் என்பதே. புகழ்பெற்ற மருந்துகளே இந்நோயில் தோல்வியுற்றுள்ளன. நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாக்ளுடைடு, அல்சைமரின் தொடக்க நிலையைத் தாமதப்படுத்தவில்லை என்று 2025 நவம்பரில் அதன் நிறுவனமே அறிவித்தது.

மருத்துவமனைக்கு வரும்போது

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பலருக்கு நோய் இன்னதென்று பெயர்கூடச் சொல்லப்படவில்லை. 'வயதானால் அப்படித்தான்' என்று விடப்பட்டவர்கள். பெயரை மறந்து பின்னர் நினைவுகூர்வது முதுமைக்கு இயல்பு. பழகிய வழியை மறப்பதும், பலமுறை செய்த சமையலின் வரிசை தவறுவதும், பணக்கணக்கில் தொடர்ந்து ஏமாறுவதும் இயல்பல்ல. இவை ஆறு மாதமாக நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள்; தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள்.

வரும்போது உடன் வாழ்பவர் ஒருவர் வர வேண்டும். ஆங்கில மருந்து, சித்த மருந்து, கடையில் தாமாக வாங்கியது என எந்த வேறுபாடும் பாராமல் வீட்டிலுள்ள அனைத்து மருந்துகளையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, முதலில் எது தவறியது என்பதைத் தாளில் குறித்து வாருங்கள். மூக்குக் கண்ணாடியும் காதொலிக் கருவியும் உள்ளவர்கள் அவற்றை அணிந்தே வர வேண்டும். இல்லாவிடில் பரிசோதனையின் முடிவே பிழையாகிவிடும். தனியார் ஆய்வகத்தில் ஏற்கெனவே பி-டௌ பரிசோதனை செய்திருந்தால் அவ்வறிக்கையையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள்; அதற்காக எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கவனித்துக்கொள்பவர்களே உறக்கமின்றி, மனமுடைந்து தவிக்கும்போது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், அழைப்புக்குக் கட்டணமில்லை.